இருபது நிமிஷ தூரம்

சித்தூர் நகரத்தில் விமான நிலையம் கிடையாது. அவ்வூர்க்காரர் ஒருவர் விமானம் ஏற வேண்டுமானால், வடகிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடந்து திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவுக்கோ, கிழக்கே சென்னைக்கோ, மேற்கே பெங்களூருக்கோ தரை மார்க்கமாகச் சென்றே ஆக வேண்டும். ஆனால் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, சென்னை மீனம்பாக்கத்தையும் பெங்களூரின் தேவனஹள்ளியையும் ஒரு நேர்கோட்டினால் இணைத்துப் பார்ப்பவர்களுக்கு, அந்தக் கோடு சித்தூருக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், ஊரை ஏறக்குறைய உரசிக்கொண்டு போவது தெரியவரும். கோட்டின் நீளம் 267 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானத்துக்கு இது இருபது நிமிஷ தூரம். பள்ளிக்கூடத்துக் கணக்கு இதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. விமான கம்பெனிகளின் கால அட்டவணையிலோ, இதே பிரயாணத்துக்கு ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் சற்று அதிகமாகப் போட்டிருக்கிறார்கள். மிச்சமுள்ள நாற்பது நிமிஷம் எங்கே போகிறது என்று விசாரிப்பதே இந்த அத்தியாயத்தின் காரியம்.

அதில் ஒரு பகுதிக்குக் கணக்குச் சொல்வது சுலபம். விமானம் நிற்குமிடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஓடுபாதையின் தலைமாட்டுக்கு ஊர்ந்து சென்று, ஏறி, இறங்கி, மறுபடியும் ஊர்ந்து வந்து நிற்கும் வரைக்குமான காலம் முழுவதையும்தான் அட்டவணை எண்ணுகிறது. 10,000 அடிக்குக் கீழே பறக்கையில் 250 நாட், அதாவது மணிக்கு 250 கடல் மைல், என்ற வேக வரம்பும் சாமானியமாக உண்டு. இவ்வளவு குறுகிய தூரத்தில் விமானம் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடுகிறது; அதன் முழு வேகத்தைக் காட்டுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. ஆயினும் இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு மிச்சம் நிற்கிறது. அது தூரத்தினாலோ இயந்திரத்தினாலோ விளைவதன்று. அதே நேரத்தில் அதே ஆகாயத்தில் பிறரும் பறக்கிறார்கள் என்ற ஒரே காரணத்தால் விளைவது.

இந்த மிச்சம் எப்போதும் இருந்ததில்லை. 1932 அக்டோபர் 15ஆம் தேதி, ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையை ஏற்றிவந்தார் அல்லவா? அதைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவரும் பொறுப்பு அவருடைய கூட்டாளியான நெவில் வின்சென்டைச் சேர்ந்தது. வாரம் ஒருமுறை நடந்த தபால் சேவை அது. பெல்லாரியையும் சென்னையையும் இணைக்கும் நேர்கோடு திருமலையை ஒட்டியே செல்கிறது என்பது இந்த வட்டாரத்தாருக்குச் சுவையான செய்தியாக இருக்கும். ஒற்றை எஞ்சின் கொண்ட அந்தப் ‘புஸ் மாத்’ விமானம் தாமதமாக வந்தால், அதற்கு எதிர்க்காற்றோ மேகமோ இயந்திரக் கோளாறோதான் காரணமாக இருக்க முடியும். முன்னால் போகிறவர் வழிவிடவில்லை என்று முறையிட அன்று முன்னால் போகிறவர் எவரும் இல்லை. தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 17ஆம் தேதி, இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் ஒரே நாளில் பிரயாணம் செய்தவர்களின் தொகை முதன்முறையாக 5 லட்சத்தைத் தாண்டியது.

ஆகாயம் விசாலமானது, அதில் நெரிசலுக்கு ஏது இடம் என்று கேட்கலாம். விசாலம் என்பது உண்மை. ஆனால் அதை உபயோகிக்கும் உரிமை அவ்வளவு விசாலமானதல்ல. பறக்கும் ஒவ்வொரு விமானத்தைச் சுற்றிலும், வேறெவரும் நுழையக்கூடாத வெற்றிடம் ஒன்றை விதிகள் ஒதுக்கி வைத்திருக்கின்றன. ராடாரின் பார்வையில் உள்ள விமானங்கள் ஒரே உயரத்தில் செல்லும்போது, நெடுவழியில் சாதாரணமாக 5 கடல் மைலும், நிலையத்தை நெருங்கும்போது 3 கடல் மைலும் விலகியிருக்க வேண்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மேலும் கீழுமாகச் செல்வனவற்றிடையே 1,000 அடி வேண்டும். இந்த 1,000 அடி என்பது காகிதத்தில் எழுதப்பட்ட சம்பிரதாயமன்று. 1996 நவம்பர் 12ஆம் தேதி மாலையில், தில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி என்ற ஊரின் மேலே, 14,000 அடியில் ஏறி நின்ற சவூதி விமானமும், 15,000 அடியில் நிற்கும்படி கட்டளை பெற்றும் அதற்குக் கீழே இறங்கிவிட்ட கஜகஸ்தான் விமானமும் மோதி, 349 பேர் மாண்டனர். அதன் பிறகுதான் மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாயிற்று. தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன.

மிக உயர்ந்த அடுக்குகளில் முற்காலத்தில் இந்த இடைவெளி 2,000 அடியாக இருந்தது. அங்கே உயரமானிகளின் துல்லியம் குறைவு என்று அஞ்சியதே அதற்குக் காரணம். கருவிகள் செம்மைப்பட்ட பின், 2003 நவம்பர் 27 முதல், இந்திய ஆகாயத்தில் 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையிலும் 1,000 அடி போதும் என்று விதி தளர்ந்தது. ஏழு அடுக்குகள் இருந்த இடத்தில் ஒரே இரவில் பதின்மூன்று அடுக்குகள் உண்டாயின. ஒரு கல்லும் சிமெண்டும் செலவிடாமல் ஆகாயத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிய அந்தக் காரியத்தைப் பற்றி நம்முடைய பத்திரிகைகள் அதிகமாகப் பேசியதில்லை. கட்டடம் திறந்தால்தான் செய்தி என்பது நம் வழக்கம் போலும்.

திருப்பதி வட்டாரத்து ஆகாயத்துக்கு வேறு சில நிபந்தனைகளும் உண்டு. சென்னைக்கும் திருப்பதிக்கும் நடுவே, அரக்கோணத்தில், கடற்படையின் ராஜாளி விமான தளம் இருக்கிறது. கடலைக் கண்காணிக்கும் பொசைடன் விமானங்கள் அங்கிருந்து செல்கின்றன, அவற்றுக்கும் இடம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கியபோது பிரயாணிகள் விமானங்களுக்குத் தன் ஓடுபாதையை விட்டுக்கொடுத்ததும் இதே தளம்தான். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா, 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் புதிதாகப் பிரிக்கப்பட்டபோது அது திருப்பதி மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. அங்கிருந்து ராக்கெட் ஏவப்படும் நாட்களில், வங்கக் கடலின் மேல் ஒரு பெரும் பரப்பைக் குறிப்பிட்ட நேரத்துக்கு விலக்கி வைக்கும்படி விமானிகளுக்கு முன்னறிவிப்புப் போகிறது. அந்நேரத்தில் அவ்வழி செல்ல வேண்டியவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள், அல்லது காத்திருக்கிறார்கள். மேற்கேயும் வடக்கேயும் சேஷாசல மலைத்தொடர். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரமுள்ள திருமலையின் மேலே விமானங்கள் பறப்பது ஆகம விதிக்கு மாறானது என்பதால், அதைப் பறக்கக்கூடாத பிரதேசமாக அறிவிக்க வேண்டும் என்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் மத்திய அரசைக் கேட்டுவருகிறது, 2025லும் கேட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வொரு நியாயமும் பொதுவழியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறது. இந்திய ஆகாயத்தில் சுமார் 60 சதவீதமே சிவில் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்று 2020 மே மாதத்தில் மத்திய அரசே சொல்லிற்று.

இத்தனை இருந்தும், தாமதத்தின் ஜன்மஸ்தானம் மேலே அல்ல, கீழேதான் இருக்கிறது. ஆகாயத்தில் மேலும் கீழும் அடுக்கலாம், பக்கவாட்டில் விலக்கலாம். ஓடுபாதையிலோ ஒரு சமயத்தில் ஒரே விமானம்தான் இருக்க முடியும். இறங்குகின்ற ஜெட் விமானத்தின் வேகம் சுமார் 140 நாட் என்று வைத்துக்கொள்வோம். 3 கடல் மைல் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்தால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 77 விநாடி. மணிக்கு 46 விமானங்கள் இறங்கலாம். இடைவெளி 5 கடல் மைலானால் 129 விநாடி, மணிக்கு 28தான். இந்த 5 மைல் எங்கிருந்து வருகிறதென்றால், கனமான விமானத்தின் இறக்கை முனைகளிலிருந்து பின்னே சுருண்டு செல்லும் காற்றுச் சுழல் அதைத் தொடர்ந்து வரும் நடுத்தர விமானத்தைக் கவிழ்த்துவிடக்கூடும் என்பதிலிருந்து வருகிறது. சிறிய விமானமானால் 6 மைல் வேண்டும். ஆக, வரும் விமானங்களின் எண்ணிக்கை மாத்திரமல்ல, அவை எந்தக் கிரமத்தில் வருகின்றன என்பதும் ஓடுபாதையின் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது. ஐந்து பெரியனவும் ஐந்து சிறியனவும் தனித்தனிக் கூட்டமாக வந்தால் ஆகும் நேரம் வேறு, மாறி மாறி வந்தால் ஆகும் நேரம் வேறு. ஏ.டி.ஆர். போன்ற விசிறி விமானம் ஒன்று மெதுவாக முன்னே செல்ல, வேகமான ஜெட் பின்னே வந்தால், கடைசியில் 3 மைல் மிஞ்ச வேண்டுமென்பதற்காகத் தொடக்கத்திலேயே அதிக தூரம் விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் ஓடுபாதைகள் இரண்டு உண்டு. ஆனால் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதால், ஒன்றில் நடப்பது முடிய மற்றொன்று காத்திருக்க நேர்கிறது. இரண்டு என்ற எண்ணைக் கண்டு இருமடங்கு வசதி என்று எண்ணிவிடலாகாது.

இனி இந்த அத்தியாயத்தின் நடுநாயகமான விஷயத்துக்கு வருவோம். ஓர் ஓடுபாதை மணிக்கு 30 விமானங்களை, அதாவது இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றை, ஏற்கவல்லது என்று கொள்வோம். மணிக்கு 15 விமானங்கள் வந்தால் ஒவ்வொன்றும் சராசரி எவ்வளவு காத்திருக்கும்? 30 வந்தால் எவ்வளவு? பாதி வேலைதானே என்பதால் முதற்கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்றும், கொள்ளளவுக்குச் சரியாக வருவதால் இரண்டாவதற்கும் ‘ஒன்றுமில்லை’ என்றும் சொல்லத் தோன்றும். இரண்டு விடைகளும் தவறு. இரண்டாவது மகா தவறு.

இதைக் கணிதமாக முதலில் ஆராய்ந்தவர் விமானத்தைப் பற்றிச் சிந்தித்தவரல்ல. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியோடு தொடர்பு கொண்டிருந்த எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர், ஓர் ஊருக்கு எத்தனை இணைப்புக் கம்பிகள் இருந்தால் பேச வருகிறவர்கள் அதிகம் காத்திருக்க நேராது என்று கணக்கிடப் புகுந்து, 1909ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசைச் சாஸ்திரம் என்று நாம் அழைக்கக்கூடிய ஒரு துறை அதிலிருந்து கிளைத்தது. அதன் மூலதத்துவத்தை அறிய நாம் கோபன்ஹேகனுக்குப் போக வேண்டியதில்லை. திருமலைக்குப் போனால் போதும்.

நாளொன்றுக்கு 60,000 முதல் 80,000 பேர் வரையில் தரிசனம் செய்கின்ற அந்தச் சந்நிதியில், ஒருவருக்குக் கிடைப்பது சில விநாடிகளே. ‘ஜருகண்டி, ஜருகண்டி’ என்று கையைப் பிடித்து நகர்த்துகிறவர்களை நாம் மனத்துக்குள் நொந்துகொள்கிறோம். ஆனால் ஓடுபாதையைக் காலி செய்துகொண்டு சீக்கிரம் விலகுங்கள் என்று இறங்கிய விமானத்தை அவசரப்படுத்தும் கட்டுப்பாட்டு அதிகாரியும் செய்வது இதையேதான். யாத்ரிகர்கள் ஒரே சீராக வருவார்களானால், விநாடிக்கு இத்தனை பேர் என்று அளந்து அனுப்பிவிடலாம், காத்திருப்பே இராது. அவர்களோ பஸ் பஸ்ஸாக, ரயில் ரயிலாக, புரட்டாசிச் சனிக்கிழமையென்று கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். கூட்டம் வருகையில் வரிசை நீள்கிறது. கூட்டம் ஓய்ந்த வேளையில், வரிசை வற்றிச் சந்நிதியின் முன் ஒரு விநாடி வெறுமையாகக் கழிந்தால், அந்த விநாடியை எடுத்துப் பத்திரப்படுத்திப் பின்னால் வரும் கூட்டத்துக்குக் கொடுப்பதற்கு வழியில்லை. நெரிசலின் நஷ்டம் சேர்கிறது, ஓய்வின் லாபமோ சேர்வதில்லை. வரிசைச் சாஸ்திரம் முழுவதற்கும் ஆதாரம் இந்த ஒருதலைப்பட்சமே. ஓய்வு அடிக்கடி வந்தால் நீண்ட வரிசை கரைய அவகாசம் கிடைக்கும். வருகை கொள்ளளவை நெருங்க நெருங்க ஓய்வு அருகிப்போகிறது; ஒருமுறை நீண்ட வரிசை கரைவதற்குள் அடுத்த கூட்டம் அதன் வாலில் வந்து சேர்ந்துவிடுகிறது.

நம் ஓடுபாதையில் இதை எண்களாகவே பார்க்கலாம். விமானங்கள் முன்பின் தொடர்பின்றி அவரவர் போக்கில் வருவதாகவும், ஒவ்வொன்றும் சரியாக இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்வதாகவும் வைத்துக்கொண்டால், மணிக்கு 15 வரும்போது சராசரிக் காத்திருப்பு 1 நிமிஷம். 24 வரும்போது 4 நிமிஷம். 27 வரும்போது 9 நிமிஷம். 29 வரும்போது 29 நிமிஷம். பதினைந்திலிருந்து இருபத்து நான்குக்கு ஏறியபோது, ஒன்பது விமானங்கள் சேர்ந்து கூட்டியது மூன்றே நிமிஷம். இருபத்தேழிலிருந்து இருபத்தொன்பதுக்கு ஏறியபோது, இரண்டே விமானங்கள் இருபது நிமிஷத்தைக் கூட்டிவிட்டன. முப்பது வந்தால், சூத்திரம் விடை கூறாமல் எல்லையற்றது என்று கைவிரித்துவிடுகிறது. நடைமுறையில் இதன் பொருள், நாள் முழுவதும் வரிசை நீண்டுகொண்டே போய், இரவில் வருகை ஓய்ந்த பிறகே கரையும் என்பது. நிஜமான விமானங்கள் அட்டவணைப்படி வருவதால் இவ்வளவு ஒழுங்கற்று வருவதில்லை, ஆகையால் எண்கள் சற்று மென்மையாகும். ஆனால் காற்றும் மழையும் தாமதமான மூட்டைகளும் அட்டவணையை அன்றாடம் கலைத்துவிடுவதால், வளைவின் உருவம் மாறுவதில்லை: வெகுதூரம் சமதரையாகச் சென்று, கடைசியில் சடக்கென்று செங்குத்தாக நிமிரும் வளைவு அது.

விமானங்கள் பத்து சதவீதம் பெருகினால் தாமதமும் பத்து சதவீதம் பெருகும் என்று எண்ணித் திட்டமிடுகிறவர்களை இந்த வளைவு ஏமாற்றிவிடுகிறது. சமதரையில் இருக்கும்வரை அவர்கள் அஞ்சியதைவிடக் குறைவாகவே கேடு நேர்வதால், அவர்களுக்குத் துணிவு பிறக்கிறது. அந்தத் துணிவில் மேலும் சில விமானங்களை அனுமதிக்கிறார்கள்.

பம்பாய் இதற்கு நமக்குக் கிடைத்த பிரத்தியட்ச உதாரணம். அங்கும் இரண்டு ஓடுபாதைகள் குறுக்காக வெட்டிக்கொள்கின்றன. ஒரு சமயத்தில் ஒன்றையே உபயோகிக்க முடியும். 2018 டிசம்பரில் ஒரு நாள், இருபத்து நான்கு மணி நேரத்தில் 1,007 விமானங்கள் ஏறவும் இறங்கவும் செய்தன. அதாவது, இரவு பகல் முழுவதும் சராசரி 86 விநாடிக்கு ஒன்று. அதை ஒரு சாதனை என்று கொண்டாடினார்கள், சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தலையிட வேண்டியதாயிற்று. விமானங்கள் நகரத்தின் மேல் 40 முதல் 60 நிமிஷம் வரையில் வட்டமிடுவதாகவும், மணிக்குச் சராசரி 2,000 கிலோ எரிபொருள் குடிக்கும் ஒரு விமானம் 40 நிமிஷம் சுற்றினால் 1,700 லிட்டர் வீணாவதாகவும் அரசின் அறிக்கை கூறிற்று. நெரிசல் வேளைகளில் மணிக்கு 46 என்றிருந்த வரம்பு 44 ஆகவும், மற்ற வேளைகளில் 44 என்றிருந்தது 42 ஆகவும் குறைக்கப்பட்டன. நாற்பத்தாறில் இரண்டைக் குறைத்து என்ன பயன் என்று அப்போது பலரும் கேட்டிருப்பார்கள். மேலே கண்ட சூத்திரத்தில், கொள்ளளவு 48 என்று ஒரு பேச்சுக்குப் போட்டுப் பார்க்கலாம். 46 வரும்போது காத்திருப்பு 14 நிமிஷத்துக்கு மேல். 44 வரும்போது 7 நிமிஷத்துக்கும் குறைவு. நான்கு சதவீத விமானங்களைக் குறைத்தால் தாமதத்தில் பாதி போய்விடுகிறது.

காத்திருப்பு இவ்வாறு தவிர்க்க முடியாததாகிவிட்ட பிறகு எழும் கேள்வி, எங்கே காத்திருப்பது என்பது. திருமலை யாத்ரிகர் வரிசையில் நிற்கலாம், வைகுண்டம் வளாகத்தின் அறைகளில் உட்காரலாம், தூங்கலாம். விமானத்துக்கு நிற்கத் தெரியாது. ஆகவே, நிலையத்துக்குச் சற்று அப்பால் ஒரு புள்ளியைச் சுற்றி, நீள்வட்டமாக, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிஷமாக அது வட்டமிடுகிறது. அடுத்து வருவது 1,000 அடி மேலே, அதற்கடுத்தது இன்னும் 1,000 அடி மேலே. கீழே உள்ளது இறங்க, மற்றவை ஒவ்வொரு படியாக இறங்குகின்றன. காத்திருப்பதற்கு இதைவிடச் செலவான இடம் வேறில்லை.

இதற்கு மாற்றான உபாயம் அமெரிக்காவில் ஒரு தொழில் தகராற்றினால் பெரிய அளவில் கைக்கொள்ளப்பட்டது. 1981 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, ஜனாதிபதி ரீகன் 11,000 பேருக்கு மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கினார். எஞ்சிய சொற்ப ஊழியர்களால் ஆகாயத்தில் சுற்றும் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்பதால், சேருமிடத்தில் இடம் உண்டு என்று தெரிந்த பிறகே புறப்படுமிடத்தில் விமானத்தைக் கிளப்புவது என்ற முறை வலுப்பெற்றது. இன்று இந்தியாவிலும் விமான நிலைய ஆணையம் தில்லியில் மைய அலுவலகம் ஒன்றை வைத்து, பெரிய நிலையங்களின் கொள்ளளவையும் வரப்போகும் விமானங்களையும் முன்கூட்டி ஒப்பிட்டு, இன்ன விமானம் இன்ன நிமிஷத்தில் கிளம்பலாம் என்று நேரம் குறித்துக் கொடுக்கிறது. நேரம் அச்சிட்ட டோக்கனைத் திருப்பதியிலேயே கொடுத்து, அந்நேரத்துக்கு மலையேறி வந்தால் போதும் என்று தேவஸ்தானம் செய்திருக்கிற ஏற்பாடும் இதுவே. இதனால் மொத்தக் காத்திருப்பு ஒரு நிமிஷமும் குறைவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது மலையிலிருந்து அடிவாரத்துக்கு, ஆகாயத்திலிருந்து தரைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இடம் மாறிய காத்திருப்பையும் யாராவது பேண வேண்டும். 2025 ஜனவரி 8ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசிக்கான டோக்கன் வாங்கத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தில் நெரிசல் உண்டாகி ஆறு பேர் இறந்தது மலையின்மீது அல்ல, அடிவாரத்தில்.

இப்போது ரேணிகுண்டாவுக்கு வருவோம். 2015 அக்டோபர் 22ஆம் தேதி புதிய முனையம் திறக்கப்பட்டு, 2017ல் சர்வதேச நிலையம் என்ற அந்தஸ்தையும் பெற்ற திருப்பதி விமான நிலையத்தில் நெரிசல் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. ஓடுபாதை பெரும்பாலான நேரம் வெயிலில் வெறுமையாகக் கிடக்கிறது. நம் வளைவின் சமதரையில், தொடக்கத்துக்கு வெகு அருகில் இருக்கிற நிலையம் இது. அப்படியிருந்தும் அங்கே புறப்பாடு தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்டவர்கள் அநேகர். சூத்திரப்படி ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டாத இடத்தில் ஏன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர்கள் கேட்பது நியாயமே.

விடை இதுதான்: அவர்கள் ஏற வேண்டிய விமானம் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு விமானம் நாளொன்றுக்கு ஐந்தாறு பிரயாணங்கள் செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவே, ஆட்களை இறக்கி, கூட்டிப் பெருக்கி, எரிபொருள் நிரப்பி, புதியவர்களை ஏற்றுவதற்கு அரைமணி அவகாசம் ஒதுக்கியிருப்பார்கள். காலையில் பம்பாயின் மேல் நாற்பது நிமிஷம் சுற்றிய விமானம் அந்த நாற்பதையும் ஐதராபாதுக்குக் கொண்டுபோகிறது. அங்கே அவசரப்பட்டு ஐந்து நிமிஷத்தை மீட்டால், முப்பத்தைந்தோடு ரேணிகுண்டாவுக்கு வருகிறது. திருப்பதிப் பிரயாணி பம்பாயின் நெரிசலுக்கு, பம்பாயைக் கண்ணால் காணாமலே, காத்திருக்கிறார். ஐரோப்பாவில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் கணக்குகளில், மொத்தத் தாமதத்தில் பாதிக்கு நெருங்கிய பங்கு இவ்வாறு முந்தைய பிரயாணத்திலிருந்து வழிவழியாக வந்ததாகவே காணப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையில் சென்னை அரை நாள் முடங்கினால், மழைத்துளி விழாத ஊர்களிலும் மறுநாள் பிற்பகல் வரை அதன் வடு தெரியும். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னையின் ஓடுபாதை நீரில் மூழ்கியபோது, நிலையம் மறுநாள் காலைவரை மூடிக் கிடந்தது. ஆனால் விமானங்கள் அதற்குள் இருக்கக்கூடாத ஊர்களில் சிதறிக் கிடந்தன. திறப்பது ஒரு கட்டளையில் முடிந்துவிடும். ஒவ்வொரு விமானத்தையும் அதன் ஊழியர்களையும் உரிய ஊரில் உரிய நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துவது அப்படி முடிவதில்லை.

இந்தத் தொற்றைத் தடுக்கும் மருந்து ஒன்றுதான், அது அவகாசம். விமான கம்பெனிகள் அதை இரண்டு விதமாக ஊட்டுகின்றன. இரண்டு பிரயாணங்களுக்கு நடுவே கூடுதலாகச் சில நிமிஷம் விடலாம். அல்லது பிரயாண நேரத்தையே அட்டவணையில் நீட்டிப் போடலாம். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே போட்டிருக்கிற அந்த ஒரு மணிக்குள் இந்த மருந்தும் ஒரு பங்கு கலந்திருக்கிறது. குறித்த நேரத்துக்கு 15 நிமிஷத்துக்குள் வந்தால் அது தாமதமல்ல என்பது உலக வழக்கு. அட்டவணையை நீட்டிவிட்டால் அந்த வரம்புக்குள் வருவது சுலபம். வழியில் நெரிசல் இல்லாத நாளில் விமானம் பதினைந்து நிமிஷம் முன்னதாகவே இறங்கிவிட, ‘குறித்த நேரத்துக்கு முன்பாகவே வந்து சேர்ந்தோம்’ என்று பெருமிதத்தோடு அறிவிக்கிறார்கள். கேட்பவர்களில் சிலர் கைதட்டுவதும் உண்டு. கம்பெனிகளை நான் இதற்காகப் பழிப்பதில்லை. நீட்டிய அட்டவணை பொய்யல்ல. பிறரும் பறக்கும் ஆகாயத்தில் அந்தத் தூரம் நிஜமாகவே அவ்வளவு நேர தூரம்தான். ஆனால் சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் கம்பெனிக்குச் செலவு என்பதால், டிக்கெட் விலையைக் குறைக்கும் போட்டியில் முதலில் அரியப்படுவது இந்த அவகாசமே. அது அரியப்பட்டிருக்கிறது என்பது நல்ல நாளில் ஒருவருக்கும் தெரியாது.

புதிய ஓடுபாதைகளே தீர்வு என்பாரும் உண்டு. பம்பாய்க்கு 2025 அக்டோபரில் நவி மும்பை திறந்தது. சென்னைக்குப் பரந்தூர் பேசப்படுகிறது, அதற்கு நிலம் இழக்கப்போகும் ஏகனாபுரத்து மக்கள் போராடி வருகிறார்கள். ஓடுபாதை கூடினால் வளைவு வலப்புறம் நகர்ந்து சமதரை நீளும் என்பது மெய். நீண்ட சமதரையில் எவ்வளவு தூரம் சென்று நிற்பது என்பதை ஓடுபாதை தீர்மானிப்பதில்லை. மணிக்கு இத்தனைதான் என்று வரம்பு விதிக்கிறவர்களின் உறுதியே தீர்மானிக்கிறது. என் அபிப்பிராயத்தில், 2024ல் பம்பாயில் இரண்டு விமானங்களைக் குறைத்த உத்தரவு, அநேகம் திறப்பு விழாக்களைவிடப் பயனுள்ள காரியம்.

ரேணிகுண்டாவிலும் 2,286 மீட்டர் ஓடுபாதையை 3,810 மீட்டராக நீட்டும் திட்டம் இருக்கிறது. கடல் கடந்த தமிழரும் தெலுங்கரும் நேரே வந்து இறங்கும்படி அகன்ற பெரிய விமானங்கள் அங்கே வர வேண்டும் என்பது அதன் நோக்கம். நீளம் கூடுவதால் பெரிய விமானம் இறங்க முடியும். ஆனால் மணிக்கு இறங்கக்கூடிய விமானங்களின் தொகை அதனால் உயர்ந்துவிடாது. ஓடுபாதையை ஒட்டி முழு நீளத்துக்கும் இணைப்புப் பாதை இல்லாத எந்தச் சிறு நிலையத்திலும், இறங்கிய விமானம் கோடிவரை ஓடித் திரும்பி, ஓடுபாதையின் மேலேயே ஊர்ந்து வந்தாக வேண்டும்; ஓடுபாதை நீளும்போது அந்த ஊர்தலும் சேர்ந்து நீளக்கூடும். அதுவரை மேலே உள்ளது இறங்க முடியாது. பெரிய விமானத்தின் பின்னால் ஐதராபாதிலிருந்து வரும் ஏ.டி.ஆர்., இன்று அங்கே தேவைப்படாத 5 கடல் மைலை விட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கும்; அதன் வேகத்தில் அது இரண்டரை நிமிஷத்துக்குச் சற்று அதிகம்.